வலிப்புக்கு மூக்கில் அடிக்கும் மிடாசோலம் ஸ்ப்ரே: ஐந்து வருடம் வீட்டில் வைத்திருந்த அனுபவம்

"மருந்துக்குக்கூடவா விமர்சனம் எழுதுவாங்க?" என்று வீட்டில் கேட்டார்கள். மிக்ஸிக்கும் ஃபேனுக்கும் ஆயிரம் பேர் எழுதுகிறார்கள். பிள்ளை கண் முன்னால் வெட்டி வெட்டி இழுக்கும்போது கையில் எடுக்க வேண்டிய பாட்டிலைப் பற்றி 2020-ல் நான் ராத்திரி ராத்திரியாகத் தேடினேன். தமிழில் உருப்படியாக ஒன்றும் என் கண்ணில் படவில்லை. அன்றைக்கு நான் தேடியதை இன்றைக்கு இன்னொருவர் தேடிக்கொண்டிருப்பார். அவருக்காக எழுதுகிறேன்.

நான் அலங்காநல்லூரில் டிடிபி, ஜெராக்ஸ், லேமினேஷன் கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, தை பிறந்தால் ஜல்லிக்கட்டு போஸ்டர், இதுதான் என் பிழைப்பு. மருத்துவம் படித்தவன் இல்லை. கீழே வருகிற மருந்து விவரமெல்லாம் எங்கள் டாக்டர் எங்கள் பாப்பாவுக்குச் சொன்னது. உங்கள் பிள்ளைக்கு எத்தனை அடி, எப்போது அடிக்க வேண்டும் என்பதை உங்கள் டாக்டர்தான் எழுதித் தர வேண்டும்.

பொருள் மிடாசோலம் என்கிற மருந்து, மூக்கில் அடிக்கிற ஸ்ப்ரேயாக. உள்ளங்கைக்குள் அடங்கும் பாட்டில். ஒரு அழுத்துக்கு, அதாவது ஓர் அடிக்கு, 0.5 மில்லிகிராம் வரும். ஐந்து வருடத்தில் மூன்று பாட்டில் வாங்கினோம், இரண்டு கம்பெனியுடையது. கம்பெனி பெயர் தேவையில்லை. உள்ளே இருக்கும் மருந்து ஒன்றுதான், குறையும் ஏறக்குறைய ஒன்றுதான்.

எங்களுக்கு இது ஏன் தேவைப்பட்டது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பாப்பா 2019 ஜனவரியில் பிறந்தாள். சரியாக ஒரு வயது முடிந்த வாரம், முதல் பிறந்தநாளுக்கு எடுத்த கவுனைப் போட்டபடியே, காய்ச்சலில் வலிப்பு வந்தது. எங்கள் பக்கம் ஜன்னி என்பார்கள், இப்போது எல்லோரும் பிட்ஸ் என்கிறார்கள். இரண்டு நிமிடத்தில் தானாக நின்றுவிட்டது. மதுரையில் ஒரு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். ஒரு நாள் வைத்திருந்து, காய்ச்சல் மருந்து எழுதிக் கொடுத்து அனுப்பினார்கள். மறுபடி வரலாம், வந்தால் இப்படிப் படுக்க வை, இவ்வளவு நேரம் பார், இதைக் கொடு என்று ஒரு வார்த்தை அங்கே யாரும் சொல்லவில்லை. அந்த மனத்தாங்கல் எனக்கு இன்னும் போகவில்லை.

பிப்ரவரி கடைசியில் இரண்டாவது தடவை வந்தது. இந்த முறை நிற்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் காரில் கூடல் நகர், தத்தனேரி, செல்லூர் என்று வழி நெடுக என் மனைவி மடியில் பாப்பா இழுத்துக்கொண்டேதான் வந்தாள். உதடு கறுத்துவிட்டது. இருபது நிமிடத்துக்கு மேல் போயிருக்கும். வேறு ஆஸ்பத்திரிக்குப் போனோம். கையில் நரம்பு கிடைக்காமல் காலில் ஊசி போட்ட பிறகுதான் நின்றது. அங்கேதான் அந்த டாக்டரம்மாவைப் பார்த்தோம், குழந்தை நரம்பியல் படித்தவர். மறுநாள் காலை ரவுண்ட்ஸ் முடித்துவிட்டு, என் மனைவி பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, மருந்துச் சீட்டின் பின்பக்கம் எழுதிக்கொண்டே சொன்னார்.

"காய்ச்சல் வலிப்பு ஆறு மாசத்துல இருந்து அஞ்சு வயசு வரைக்கும் வர்றது. நூறு பிள்ளையில ரெண்டு பேர்ல இருந்து அஞ்சு பேர் வரைக்கும் வரும். ஒரு தடவை வந்தா மூணுல ஒருத்தருக்கு மறுபடியும் வரும். முக்கால்வாசி தானா நின்னுரும். மூளையைப் பாதிக்காது. ஆனா அஞ்சு நிமிஷத்தைத் தாண்டிட்டா, தானா நிக்கும்னு காத்துக்கிட்டு இருக்கக் கூடாதும்மா. உங்க ஊர்ல இருந்து இங்க வர அரை மணி நேரம். அந்த அரை மணி நேரத்துக்குத்தான் இது."

அப்படிச் சொல்லிவிட்டுத்தான் இந்த ஸ்ப்ரேயை எழுதினார். காய்ச்சல் நாட்களில் மட்டும் க்ளோபசாம் என்கிற வலிப்பு மருந்தைக் கொடுக்கிற வழக்கமும் உண்டாம், அது எங்களுக்கு வேண்டாம், இது போதும் என்றார். காய்ச்சல் மருந்து கொடுத்தால் உடம்பு நோவு குறையும், ஆனால் அதனால் வலிப்பு வராது என்று நம்பிவிடக் கூடாது என்பதையும் அப்போதுதான் தெரிந்துகொண்டேன். அதுவரை, நேரத்துக்கு மருந்து ஊற்றவில்லை, அதனால்தான் வந்தது என்று என் மனைவி தன்னையே குறை சொல்லி அழுதுகொண்டிருந்தாள்.

அந்த வார்டை இப்போது நினைத்தாலும் கண்ணில் நிற்கிறது. எட்டுக் கட்டில், எட்டும் நிறைந்திருந்தது. பாப்பாவையும் சேர்த்து மூன்று பேர் காய்ச்சல் வலிப்பு. ஒருவன் வலிப்பு மாத்திரையை நிறுத்தியதால் வந்தவன். சளி, இளைப்புக்கு மருந்தைப் புகையாகக் கொடுக்கிற நெபுலைசர் மெஷின் சத்தம் ராத்திரி முழுக்க ஓயவில்லை.

வாங்குவதிலிருந்து தொடங்குகிறேன். அலங்காநல்லூரில் எந்த மெடிக்கலிலும் கிடைக்கவில்லை. கேட்டால் "மூக்கடைப்புக்கா?" என்று வேறு ஒன்றை எடுத்து நீட்டினார்கள். மதுரையில் பெரிய ஆஸ்பத்திரிகள் பக்கத்து மருந்துக் கடைகளில்தான் இருக்கும். சீட்டு இல்லாமல் தர மாட்டார்கள், தரவும் கூடாது. தூக்கம் வரவைக்கிற மருந்து என்பதால் தனி நோட்டில் பிள்ளை பெயர், டாக்டர் பெயர் எல்லாம் எழுதிக்கொள்வார்கள். விலை சில நூறு ரூபாய். இரண்டு நாள் ஆஸ்பத்திரிச் செலவோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை.

பாட்டிலைக் கையில் வாங்கியதும் கண்ணில் பட்ட குறை எழுத்து. அட்டை முழுக்க ஆங்கிலம், அதுவும் எறும்பு அளவு. எழுத்தோடேயே வாழ்கிற நானே பூதக்கண்ணாடி வைத்துத்தான் படித்தேன். பிள்ளை இழுத்துக்கொண்டிருக்கும்போது ராத்திரி டியூப்லைட் வெளிச்சத்தில் அதை யார் படிக்க முடியும்? எங்கள் வீட்டில் பகலில் பாப்பாவோடு இருப்பவர் என் அத்தை, அதாவது மாமியார். கையெழுத்துப் போட மட்டும் தெரிந்தவர்.

அதனால் கடையில் உட்கார்ந்து நானே ஒரு அட்டை அடித்தேன். ஏ-5 அளவு, மஞ்சள் தாள், 40 பாயிண்ட் எழுத்து. "1. மணி பார். 2. ஒருக்களித்துப் படுக்க வை. 3. வாயில் எதுவும் வைக்காதே. 4. ஐந்து நிமிடம் தாண்டினால் ஸ்ப்ரே: இந்த மூக்கில் 2, அந்த மூக்கில் 2. 5. 108." அத்தைக்காக ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் ஒரு படம். லேமினேட் செய்து உள் அறைக் கதவுக்குப் பின்னால் ஒட்டினேன். டாக்டரம்மாவுக்குப் போட்டோ அனுப்பிச் சரி பார்த்த பிறகுதான் ஒட்டினேன். அவர் ஒரே ஒரு திருத்தம் சொன்னார். "வாயில் எதுவும் வைக்காதே" என்பதோடு "கையில் இரும்பு கொடுக்காதே" என்பதையும் சேர்க்கச் சொன்னார். இரும்பு கொடுத்தால் கெடுதல் ஒன்றும் இல்லையாம். சாவியைத் தேடி ஓடுகிற நேரம்தான் வீணாகிறது என்றார்.

அட்டை ஒட்டிய ஒரு மாதத்துக்குள் ஊரடங்கு வந்துவிட்டது. மார்ச் 25. தமிழ்நாட்டில் கொரோனாவுக்கு முதல் உயிர் போனதும் அதே நாள், நம் மதுரை பெரியாஸ்பத்திரியில்தான். அந்தச் செய்தியைக் கேட்டதும் என் மனைவி கேட்ட முதல் கேள்வி, "இப்பப் பாப்பாவுக்கு வந்தா எங்கங்க தூக்கிட்டுப் போறது?" எனக்குப் பதில் தெரியவில்லை. பெரியாஸ்பத்திரியின் பனகல் சாலை சூப்பர் ஸ்பெஷாலிட்டி கட்டடமே கொரோனாவுக்கு என்று ஆகிவிட்டது. தனியார் இடங்களில் காய்ச்சல் என்று சொன்னாலே வாசலில் நிறுத்தி ஆயிரம் கேள்வி கேட்கிறார்கள் என்று கேள்விப்பட்டோம். வலிப்போடு வருகிற பிள்ளைக்குக் காய்ச்சல் இல்லாமல் இருக்குமா?

அந்த நாட்களில் இந்தப் பாட்டில் எங்களுக்கு என்னவாக இருந்தது என்பதைச் சொல்வது கடினம். மூடி திறக்காமலே அது வேலை செய்தது. ராத்திரி எழுந்து பாப்பா நெற்றியைத் தொட்டுப் பார்ப்போம், அப்புறம் அலமாரியைப் பார்ப்போம். அது இருக்கிறது, சரி, தூங்கலாம்.

நடந்தது நாங்கள் பயந்ததற்கு நேர் எதிர். அதற்கப்புறம் 2020 முடியும் வரை பாப்பாவுக்குக் காய்ச்சலே வரவில்லை. சளிகூட இல்லை. பெரியவன் பள்ளிக்கூடம் போகவில்லை, கோயில் இல்லை, கல்யாணம் இல்லை, பஸ் இல்லை. சித்திரைத் திருவிழாவுக்கு அழகர் ஆற்றில் இறங்கவில்லை, மே 4-ஆம் தேதி மீனாட்சி கல்யாணத்தை டிவியில் பார்த்துத் தாலி மாற்றிக்கொண்டோம். வீட்டுக்குள் வெளியாள் மூச்சே வரவில்லை என்றால் காய்ச்சல் எங்கிருந்து வரும்? காய்ச்சல் இல்லாவிட்டால் காய்ச்சல் வலிப்பு ஏது?

செப்டம்பரில் பாப்பாவைக் காட்ட அதே ஆஸ்பத்திரிக்குப் போனேன். பிப்ரவரியில் நிறைந்திருந்த எட்டுக் கட்டிலில் இரண்டில்தான் பிள்ளைகள். நெபுலைசர் மெஷின் மேல் பாலித்தீன் உறை போட்டு மூடியிருந்தார்கள், அதன் மேல் தூசி. "பிட்ஸ் கேஸே கம்மியாயிருச்சு சார், சளிப் பிள்ளைங்களே வர்றதில்ல" என்றார் நர்ஸ் அக்கா. டாக்டரம்மாவிடம் கேட்டேன். இங்கே மட்டும் இல்லை, பல நாடுகளிலும் இதே கதைதான் என்றார். முகக்கவசம், மூடிய பள்ளிக்கூடம், இதனால் ஃப்ளூ மாதிரியான வழக்கமான வைரஸ்கள் பரவாமல் போய், காய்ச்சல் வலிப்புக்குச் சேர்கிற குழந்தைகள் எண்ணிக்கை விழுந்துவிட்டது. அந்த வருடம் ஏப்ரலுக்கு அப்புறம் ஃப்ளூ உலகத்திலேயே அநேகமாகக் காணாமல் போயிருந்தது.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. காலிக் கட்டில் என்றால் நல்லதுதானே என்றேன். அவர் சட்டென்று பதில் சொல்லவில்லை. "வராம போனவங்க எல்லாருமே நல்லா இருந்து வராம போனவங்க இல்லையே" என்றார்.

அவர் யாரை நினைத்துச் சொன்னார் என்பது எனக்குத் தெரியும். என் தங்கை நத்தம் பக்கம் வாழ்க்கைப்பட்டவள். அவள் மகனுக்கு அந்த ஏப்ரலில் ஐந்து மாதம். தூங்கி எழுந்ததும் தலையை முன்னால் குனிந்து, இரண்டு கையையும் விரித்து, கும்பிடு போடுவது மாதிரி ஒரு உதறல். ஒன்றல்ல, அடுத்தடுத்து பத்து, பதினைந்து. முடிந்ததும் ஒரு அழுகை. வயிற்று வலி என்றார்கள், பயந்திருக்கிறான் என்று மந்திரித்தார்கள். சிரிக்கப் பழகியிருந்தவன் சிரிப்பை நிறுத்தினான். காய்ச்சல் இல்லை, வெட்டி இழுக்கவும் இல்லை. அதனால் யாருக்கும் அது வலிப்பு என்று தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் பஸ் இல்லை. நத்தம் திண்டுக்கல் மாவட்டம், மதுரைக்கு வர இ-பாஸ் வேண்டும். ஜூன் 24-லிருந்து மதுரையில் மட்டும் மறுபடி முழு ஊரடங்கு வேறு, ஜூலை நடு வரைக்கும் இழுத்தது. "அந்த ஊருக்குப் போனா நோவை வாங்கிட்டு வரணும்" என்று மாப்பிள்ளை வீட்டில் தடுத்தார்கள். அவர்களையும் முழுக்கக் குறை சொல்ல முடியாது, அன்றைக்கு எல்லோருக்கும் அந்தப் பயம் இருந்தது.

ஜூலையில் தங்கை வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ அனுப்பினாள். "அண்ணே, இது என்னண்ணே, பாப்பாவுக்கு வந்த மாதிரியா?" நான் அதை அப்படியே டாக்டரம்மாவுக்குத் தள்ளிவிட்டேன். பத்து நிமிடத்தில் அவரே கூப்பிட்டார். "நாளைக்கே கூட்டிட்டு வரச் சொல்லுங்க. பாஸுக்கு நான் லெட்டர் தர்றேன்." மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்கிற ஈஈஜி எடுத்ததில் தெரிந்துவிட்டது. கைக்குழந்தைகளுக்கு வருகிற ஒரு வகை வலிப்பு, எத்தனை சீக்கிரம் வைத்தியம் தொடங்குகிறோமோ அத்தனைக்கு நல்லது, வாரக்கணக்கில்கூட வித்தியாசம் உண்டு என்றார். ஊசியும் மருந்துமாக உதறல் நின்றது. பையன் இப்போது நடக்கிறான். பேச்சு சில வார்த்தைதான். தெரபிக்குப் போகிறான். எல்லாமே தாமதத்தால் வந்தது என்று சொல்ல முடியாது, அடியில் வேறு காரணமும் இருக்கலாம் என்று டாக்டரம்மா என் தங்கையிடம் பலமுறை சொல்லியிருக்கிறார். ஆனாலும் அவள் அந்த மூன்று மாதத்தை எண்ணிக்கொண்டேதான் இருக்கிறாள். நானும்தான்.

இதை ஸ்ப்ரே விமர்சனத்தில் ஏன் எழுதுகிறேன் என்றால், இந்த ஸ்ப்ரே அவனுக்கு உதவுகிற மருந்து இல்லை. இது நீண்டுபோகிற வலிப்பை நிறுத்துகிற மருந்து, அவ்வளவுதான். வீட்டில் ஸ்ப்ரே இருக்கிறதே என்று டாக்டரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடுகிறவர்கள் இருக்கிறார்கள். கைக்குழந்தை கும்பிடு போடுவது மாதிரி அடுத்தடுத்து உதறினால், செல்போனில் வீடியோ எடுத்துக்கொண்டு அன்றைக்கே காட்டுங்கள்.

சரி, பாட்டிலுக்கு வருகிறேன். ஊரடங்கில் இன்னொரு சிக்கல் தெரிந்தது. பிள்ளை வளர்கிறது, எடை கூடுகிறது, அடியின் எண்ணிக்கையும் மாற வேண்டும். கிலோவுக்கு 0.2 மில்லிகிராம் என்பது டாக்டரம்மா போட்ட கணக்கு. ஒன்பது கிலோவில் நாலு அடி. வருடம் போனதும் அது போதாது. எடை பார்க்க அங்கன்வாடி இல்லை, ஆஸ்பத்திரிக்கு அடிக்கடி போக முடியவில்லை. எதிர்த்த அரிசிக்கடை அண்ணன் எலக்ட்ரானிக் தராசைக் கழுவித் துடைத்து, மேலே துண்டு விரித்துக் கொடுத்தார். பாப்பாவை உட்கார வைத்து, எண் தெரிகிற மாதிரி போட்டோ எடுத்து டாக்டரம்மாவுக்கு அனுப்பினேன். போனிலேயே வைத்தியம் பார்க்கலாம் என்று ஊரடங்கு தொடங்கிய அன்றைக்கே அரசாங்கம் வழிமுறை வெளியிட்டிருந்ததால் அவருக்கும் தயக்கம் இல்லை. எண்ணை மாற்றிப் புது அட்டை அடித்தேன். மூன்று வருடத்தில் நான்கு அட்டை மாறியிருக்கிறது. வீட்டில் இந்த மருந்து வைத்திருப்பவர்கள் தயவுசெய்து இதைக் கவனியுங்கள். பழைய எண்ணை மனப்பாடமாக வைத்திருந்தால் மருந்து குறைவாகப் போகும், வலிப்பும் நிற்காது, மருந்தும் வேலை செய்யவில்லை என்று நினைத்துக்கொள்வோம்.

பம்பைப் பற்றி ஒரு முக்கியமான விஷயம். புதுப் பாட்டிலில் முதல் சில அழுத்து வெறும் காற்றுதான். புகை மாதிரி மருந்து வரும் வரை வெளியே அடித்துப் பார்க்க வேண்டும். நான் வாங்கிய அன்றைக்கு அதைச் செய்யாமல் அப்படியே அலமாரியில் வைத்துவிட்டேன். ஏப்ரலில் டாக்டரம்மா போனில் ஒத்திகை பார்க்கச் சொன்னபோதுதான் தெரிந்தது, நாலு அடியில் மூன்று காற்று. அன்றைக்கே வலிப்பு வந்திருந்தால் பாப்பாவுக்கு ஒரே ஒரு அடி மருந்துதான் போயிருக்கும். ரொம்ப நாள் சும்மா இருந்தாலும் இப்படி ஆகும். அதனால் மாதம் முதல் தேதி காற்றில் ஓர் அடி என்று வழக்கம் வைத்தோம். பாட்டிலில் மீதி எத்தனை அடி இருக்கிறது என்று காட்ட ஒரு வழியும் இல்லை. இது பெரிய குறை. நான் அட்டையின் பின்பக்கம் கோடு போட்டுக் கணக்கு வைத்தேன்.

வெயிலில் வைக்கக் கூடாது, உறையவும் கூடாது. மே மாதம் எங்கள் ஓட்டு வீட்டில் வெளி அறை அடுப்பு மாதிரி. உள் அறையில், தரையோடு இருக்கிற மர அலமாரியில், எவர்சில்வர் டப்பாவில் வைத்தோம். குழந்தைகள் கைக்கு எட்டாமல் இருக்கப் பூட்டு, சாவி பக்கத்து ஆணியில்.

காலாவதி தேதி தீர்ந்து இரண்டாவது பாட்டில் வாங்கப் போனது 2021 மே. இரண்டாம் அலை. 10-ஆம் தேதியிலிருந்து முழு ஊரடங்கு, கோரிப்பாளையம் பக்கம் ஆம்புலன்ஸ் சத்தம் மட்டும்தான். அந்த மாதம் என் கடைக்கு வந்த வேலை எல்லாம் கண்ணீர் அஞ்சலி, வேறு ஒன்றும் இல்லை. மூன்று மருந்துக் கடையில் ஸ்டாக் இல்லை என்றார்கள். வென்டிலேட்டரில் இருக்கிறவர்களை மயக்கத்தில் வைக்கவும் இதே மிடாசோலம்தான் ஊசியாகப் போகிறது என்று நாலாவது கடைக்காரர் சொன்னார், சொல்லிவிட்டு உள்ளே போய்த் தேடி ஒரு ஸ்ப்ரே எடுத்து வந்தார். கடைசி பாட்டில். அந்த மனிதருக்கு இன்றைக்கும் என் நன்றி உண்டு.

அதே வருடம் நவம்பர் 1-ஆம் தேதி சின்ன வகுப்புகளுக்குப் பள்ளிக்கூடம் திறந்தார்கள். பெரியவன் போன பத்தாவது நாள் சளியோடு வந்தான். இரண்டு வருடம் ஒன்றுமே இல்லாத வீட்டில் ஒருவர் மாற்றி ஒருவர் இருமல். "வார்டு திரும்ப நிறைய ஆரம்பிச்சிருச்சு, பாட்டிலைப் பக்கத்துல வச்சுக்கோங்க" என்று டாக்டரம்மா செய்தி அனுப்பினார். அந்தத் தடவை பாப்பா தப்பித்துவிட்டாள்.

2022 ஜனவரி 16. ஞாயிற்றுக்கிழமை முழு ஊரடங்கு என்பதால் எங்கள் ஊர் ஜல்லிக்கட்டை 17-க்குத் தள்ளி வைத்திருந்தார்கள். மறுநாள் வாடிவாசல் திறக்கப் போகிறது, ஊர் முழுக்கப் போலீஸ். ராத்திரி பத்து மணிக்கு மேல் வெளியே வரக் கூடாது. மத்தியானம் பாப்பாவுக்கு லேசாக மூக்கு ஒழுகியது, ராத்திரி ஒன்பதுக்குக் காய்ச்சல். மருந்து கொடுத்துப் படுக்க வைத்தோம். பதினொன்று நாற்பதுக்கு என் மனைவி கூப்பிட்டாள்.

"ஏங்க, பாப்பா கண்ணு மேல சொருகுது."

விளக்கைப் போட்டேன். பொங்கலுக்கு வாங்கிய கரும்பு சுவரோரம் சாய்ந்திருந்தது, அதற்குப் பக்கத்துப் பாயில் பாப்பா. கை கால் ஒரே தாளத்தில் வெட்டியது. நான் ஒருக்களித்துப் படுக்க வைத்தேன். என் மனைவி செல்போனில் டைமரைப் போட்டாள், அது நாங்கள் ஒத்திகை பார்த்தது. அத்தை எழுந்து வந்து, "மாப்ள, சாவி... சாவிக்கொத்து எங்க?" என்றார். நான் கதவுக்குப் பின்னால் இருந்த அட்டையைக் காட்டினேன். அவர் அதைப் பார்த்தார், அப்புறம் அலமாரிச் சாவியை எடுத்துத் திறந்து பாட்டிலை என் கையில் வைத்தார்.

ஒரு நிமிடம். இரண்டு. நிற்கவில்லை. வாயோரம் நுரை. மூக்கில் சளி இருந்தது, துணியால் துடைத்தேன். மூன்று. நாலு. அந்த ஐந்து நிமிடம் எவ்வளவு நீளம் என்பது அதைப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். "அஞ்சு" என்றாள் என் மனைவி. காற்றில் ஓர் அடி, புகை வந்தது. பாப்பாவின் வலது மூக்கில் மூன்று, இடது மூக்கில் இரண்டு. எடை அப்போது 13 கிலோ. கடைசி அடியில் கொஞ்சம் சளியோடு வெளியே வழிந்தது. எனக்குக் கை நடுங்கியது, எண்ணியது சரியா என்றுகூடச் சந்தேகம். அத்தை 108-க்குப் போன் போட்டுக்கொண்டிருந்தார்.

ஆறு நிமிடம் நாற்பது வினாடியில் இடது கை தளர்ந்தது. அப்புறம் கால். ஏழரை நிமிடத்தில் முழுக்க நின்று, ஒரு பெருமூச்சு விட்டு, குறட்டை விட்டுத் தூங்கினாள். டைமர் என் மனைவி கையில் ஓடிக்கொண்டே இருந்தது, அதை நிறுத்த அவளுக்குத் தோன்றவில்லை. இந்த மருந்தில் மூச்சு மெதுவாகலாம் என்று டாக்டரம்மா எச்சரித்திருந்தார். விடிய விடிய ஒருவர் மாற்றி ஒருவர் பாப்பா வயிற்றில் கை வைத்து மூச்சை எண்ணினோம். ஆம்புலன்ஸ் இருபத்தைந்து நிமிடத்தில் வந்தது. அவர்கள் ஆக்ஸிஜன் அளவு பார்த்து, டாக்டரம்மாவிடம் போனில் பேசி, காலையில் கூட்டி வரலாம் என்றார்கள்.

காலையில் போனோம். சளி எடுத்துப் பார்த்ததில் கொரோனா. அட்மிஷன் தேவைப்படவில்லை. முந்தைய அலைகளில் பிள்ளைகளுக்கு இந்த அளவு காய்ச்சல் வலிப்பு வரவில்லை, ஒமைக்ரானில்தான் கூடியிருக்கிறது, வெளிநாடுகளிலும் இப்படியே பார்க்கிறார்கள் என்றார் டாக்டரம்மா. வார்டில் எட்டுக் கட்டிலும் நிறைந்திருந்தது. அந்த வருடம் எங்களுக்குக் கட்டில் தேவைப்படாமல் போனதற்கு இந்தச் சின்ன பாட்டில்தான் காரணம். இருபது நிமிடம் இழுத்து, காலில் ஊசி குத்தி நிறுத்திய பிள்ளைக்கு, அடுத்த தடவை வீட்டுப் பாயிலேயே ஏழரை நிமிடத்தில் நின்றது. எனக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்?

குறைகளை மறுபடி சேர்த்துச் சொல்ல வேண்டுமென்றால்: சளி நிறைந்த மூக்கில் கொஞ்சம் வழிந்துவிடும், காய்ச்சல் பிள்ளைக்குச் சளி இல்லாத மூக்கு எங்கே? அடித்ததும் மூக்கு எரியும், கண்ணில் தண்ணீர் வரும். மறுநாள் மத்தியானம் வரை பாப்பா மந்தமாகவே இருந்தாள், நடக்கத் தள்ளாடினாள். தமிழில் ஒரு வரி இல்லாதது கம்பெனிகள் செய்கிற அநியாயம் என்றே நினைக்கிறேன். இந்த மருந்தைப் பயன்படுத்தப் போகிறவர்கள் நர்ஸ்கள் இல்லை. அம்மாக்கள், அப்பத்தாக்கள், அங்கன்வாடி டீச்சர்கள். மூன்றாவது பாட்டில் 2023-ல் வாங்கியபோதும் அதே எறும்பு எழுத்துதான். ஐந்துக்கு நாலரை கொடுப்பேன், அந்த அரையை அட்டைக்காகப் பிடித்துக்கொள்கிறேன்.

பாப்பாவுக்கு 2025 ஜனவரியில் ஆறு வயது முடிந்தது. ஒமைக்ரானுக்கு அப்புறம் இன்னும் ஒரு தடவை வந்தது, இரண்டு நிமிடத்தில் தானாக நின்றது, பாட்டிலைத் திறக்கவில்லை. இனிமேல் வீட்டில் வைத்திருக்கத் தேவையில்லை என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். மூன்றாவது பாட்டிலை ஆஸ்பத்திரியிலேயே ஒப்படைத்தேன். கதவுக்குப் பின்னால் அட்டை மட்டும் இன்னும் இருக்கிறது, அத்தை எடுக்க விடவில்லை.

அந்த அட்டை கம்ப்யூட்டரில் அப்படியே இருக்கிறது. உங்கள் டாக்டர் எழுதிய சீட்டையும், பிள்ளையின் எடையையும் கொண்டு வந்தால், எண்ணை மாற்றி, படத்தோடு அடித்து லேமினேட் செய்து தருகிறேன். காசு வேண்டாம். எடை கூடினால் மறுபடி வாருங்கள், புதுசு அடித்துக்கொள்ளலாம்.